மறு விசாரணை இல்லை

மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது இறந்துபோனவரின் மனைவி. காலை ஏழேகால் மணி. காக்களூரில் வேலைக்குப் போக, திருநின்றவூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். போனை எடுத்ததும் அவர் நலம் விசாரிக்கவில்லை.

"பாப்பா, கவர்மெண்டே அப்பீல் போட்டுக்குதாம். அவங்க ரெண்டு பேரையும் உட்டது தப்புன்னு. ஸ்டேஷன்லேர்ந்து ஏட்டு வந்து சொல்லிட்டுப் போனாரு."

"நல்லதுக்கா."

"நீ மறுக்கா வந்து சொல்லுவ இல்ல? அந்தத் தடாக்காரன் பன்னாட ஓடிப் போய்ட்டான். உன்ன உட்டா எங்களுக்கு யாரு கீறாங்க?"

"வரேன்க்கா."

அப்போது அதை நம்பித்தான் சொன்னேன். என்னை மறுபடி கூண்டில் ஏற்றுவார்கள், விட்டுப்போனதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் பையிலிருந்த நோட்டை எடுத்து, சொல்ல வேண்டியவற்றை எண் போட்டு எழுதத் தொடங்கினேன். புட்லூர் வருவதற்குள் ஐந்து எண்கள் ஆகியிருந்தன.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்ட்ருமென்டேஷனில் டிப்ளமோ முடித்துவிட்டு நான் முதலில் சேர்ந்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பெயின்டுக்கு வண்ணப்பொடி கலக்கும் ஒரு கம்பெனியில். அங்கே மூன்று மிக்சர்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே இறங்கி வேலை செய்யும் அளவுக்குப் பெரியது. நிறம் மாற்றும்போது மேல்மூடியைத் திறந்து ஒருவர் உள்ளே இறங்கி, ஓரமெல்லாம் ஒட்டியிருக்கும் பழைய பொடியைச் சுரண்ட வேண்டும். அவர் இறங்குவதற்கு முன் பேனல் ரூமில் அந்த மிக்சரின் ஃபியூஸைக் கழற்றி வைக்க வேண்டும். மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடாதபடி செய்யும் சுவிட்ச் அந்தப் பழைய மெஷின்களில் கிடையாது. அதற்காகத் தொழிற்சாலைச் சட்டத்தில் தனி வழக்குப் போட்டார்கள். அது அபராதத்தோடு முடிந்தது. நான் சொல்ல வந்தது மற்ற வழக்கு, கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு.

அங்கே மெஷினை ஓட்டச் சொல்ல "எடு" என்பார்கள். மெஷினை லைனில் எடு, அதாவது ஓட்டத்தில் சேர், என்பதன் மிச்சம் அது. "ரெண்டாம் நம்பர எடுத்துடு" என்றால் இரண்டாவது மிக்சரை ஓடவிடு என்று பொருள். ஃபியூஸைக் கழற்றுவதற்கு வேறு சொல் உண்டு: புடுங்கு. "ரெண்ட புடுங்கிடு" என்றால் இரண்டாவதின் ஃபியூஸ் கழன்றுவிடும். நான் இருந்த இரண்டு வருடத்தில் இந்த இரண்டு சொல்லும் இடம் மாறி வந்ததை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சேர்ந்த ஆறாவது மாதம், ஆடிட் வருகிறது என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மிக்சர் கிளீனிங்குக்குப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்று தமிழில் எழுதி ஒட்டச் சொன்னார். பட்டியல் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. ஆபரேட்டர்களிடம் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதினேன். நான்காவது படிக்கு வந்தபோது ஷிப்ட் இன்சார்ஜ் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா பாப்பா, 'ஃபியூஸைப் பிடுங்கவும்'னு எழுதிக்கினு கீற? ஆடிட்டர் படிச்சிட்டு, 'ஏன்யா, இங்க இன்னா புடுங்கிக்கினு இருக்கீங்க'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு "ஃபியூஸை எடுக்கவும்" என்று எழுதினேன். சுத்தமான தமிழ், சுவரில் போடத் தகுந்த தமிழ். லேமினேட் செய்து பேனல் ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ஆடிட்டர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆபரேட்டர்கள் யாரும் அதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. அவர்கள் எப்போதும்போல் புடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சம்பவம் நடந்தது அடுத்த வருடம், காலை ஷிப்டில். நான் பேனல் ரூமில் ஒரு மீட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பேனல் ஆபரேட்டர். ஆந்திர எல்லையைத் தாண்டி, தடாவிலிருந்து தினம் பஸ்ஸில் வருபவர், முப்பத்தைந்து வயதிருக்கும். வாக்கிடாக்கியில் இன்சார்ஜின் குரல் வந்தது. "ஒண்ணாம் நம்பர எடுத்துடு." "சரி நைனா" என்று ஆபரேட்டர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஒன்றாவது மிக்சர் ஓடியது. பத்து நிமிடம் போயிருக்கும். மறுபடி அதே குரல். "மூணாம் நம்பர எடுத்துடு." "சரி நைனா."

மூன்றாவதில் ஆள் இருந்தார். அவர் இறங்குவதற்கான சீட்டில் அன்று காலை கையெழுத்துப் போட்டவர் இன்சார்ஜ்தான். "நீ எறங்கு, ஃபியூஸுக்கு நான் சொல்லிக்கறேன்" என்று அவர் சொன்னதை உடன் வேலை செய்தவர் கேட்டிருக்கிறார். பிறகு டிஸ்பாட்ச்சிலிருந்து மூன்றாம் நம்பர் சரக்கு கேட்டு போன் மேல் போன். மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். கெட்டவர் அல்ல. என் வண்டி பஞ்சரான ஒருநாள் புதுவாயல் வரை கொண்டுவந்து விட்டவர்.

பிறகு நடந்ததைப் போலீஸில் ஒருமுறை, கோர்ட்டில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மூன்றாம் முறை வேண்டாம்.

வழக்கில் இரண்டு பேர். முதல் எதிரி இன்சார்ஜ், இரண்டாம் எதிரி மேனேஜர். கோர்ட் காகிதங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவார்கள். சாட்சிக்குப் பெயர் போய் எண் வந்துவிடும். இறந்தவரின் மனைவி அ.சா.1, அதாவது அரசு தரப்புச் சாட்சி ஒன்று. உடன் வேலை செய்தவர் இரண்டு. பேனல் ஆபரேட்டர் மூன்று. நான் நான்கு. இதில் மூன்றாம் சாட்சி வரவேயில்லை. சம்பவம் நடந்த இரண்டாவது வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார். சம்மன் போனது, விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. வாக்கிடாக்கியில் வந்த சொல்லைக் கேட்டவர்களில் மிச்சம் நான் ஒருத்தி.

விசாரணைக்கு வர மூன்று வருடம் ஆனது. அதற்குள் நான் காக்களூரில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு சின்ன யூனிட்டுக்கு மாறியிருந்தேன். கூண்டில் ஏறியதும் அரசு வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். "மூணாம் நம்பர எடுத்துடு என்று சொன்னார். ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார்." அதோடு அவர் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். லேமினேட் செய்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"நாலாவது பாயின்ட்டைக் கொஞ்சம் படிங்க."

"ஃபியூஸை எடுக்கவும்."

"எடுக்கவும்னா?"

"கழற்றவும்."

"அப்போ எடுங்கிற சொல்லுக்குக் கழற்று, நீக்குன்னும் அர்த்தம் உண்டு."

"உண்டு."

"முதல் எதிரி எடுத்துடுன்னு சொன்னது, ஃபியூஸை எடுத்துடுங்கிற அர்த்தத்துல இருக்கலாம்."

சொல்லை வைத்துக் கேட்டால், இருக்கலாம். நான் படித்த படிப்பு, கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லப் பழக்கியிருந்தது. "இருக்கலாம்" என்றேன். அங்கே யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்றோ, பத்து நிமிடம் முன்னால் அதே குரல் அதே சொல்லைச் சொல்லித்தான் ஒன்றாவது மிக்சர் ஓடியது என்றோ நான் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்ததாகவும் யாரோ தடுத்ததாகவும் இல்லை. "ஆனால்" என்று நான் தொடங்கவே இல்லை. தப்பில்லாமல் பதில் சொல்கிறோம் என்ற நிம்மதிகூட அந்த நேரத்தில் இருந்தது.

டைப் செய்த என் வாக்குமூலத்தைப் பிறகு பார்த்தேன். கடைசி வரிகள் இவை: "எடு என்ற சொல்லுக்கு நீக்கு என்றும் பொருள் உண்டு என்றால் சரிதான். முதல் எதிரி ஃபியூஸை எடுக்கச் சொல்லியிருக்கலாம் என்றால் சரிதான். மறு விசாரணை: இல்லை." குறுக்கு விசாரணைக்குப் பிறகு அரசு வழக்கறிஞர் மறுபடி கேட்பதுதான் மறு விசாரணை. அவர் எழுந்து இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் கடைசி வரி வேறு மாதிரி இருந்திருக்கும். அவரிடம் அன்று ஒரு கட்டு வழக்குகள் இருந்தன.

இரண்டு பேரும் விடுதலையானார்கள். சந்தேகத்தின் பலன். தீர்ப்பு நாளில் நான் போயிருந்தேன். வராந்தாவில் இன்சார்ஜ் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். இளைத்திருந்தார்.

"உள்ளத சொன்ன பாப்பா. யாருக்கோ பயந்துக்கினு ஒண்ணுக்கு ரெண்டா சொல்லாம, உள்ளத மட்டும் சொன்ன. நல்லா இருப்ப."

என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அவர் கை ஜில்லென்று இருந்தது. அவருக்குத் தான் சொன்ன சொல்லின் அர்த்தம் தெரியாமல் இருக்காது. அல்லது மூன்று வருடமாக வக்கீல் சொல்லிச் சொல்லி, ஃபியூஸைத்தான் சொன்னோம் என்று அவரே நம்பத் தொடங்கியிருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் சாட்சி சொன்ன அன்று இறந்தவரின் மனைவி, அக்கா, கோர்ட்டில் இல்லை. புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் லீவு கேட்டால் மறுநாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார் முதலாளி. அதனால் கேஸ் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அக்காவிடம் இருந்த ஒரே காரணம் ஓடிப்போன ஆபரேட்டர்தான். போனில் பேசும்போதெல்லாம் அவரைத் திட்டுவார். "பொத்தான அமுக்கனவன் வந்து வாயத் தொறந்து சொல்லியிருந்தா உள்ள போயிருப்பானுங்க இல்ல?" நான் "ம்" என்பேன். அந்த "ம்"மை எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் மேல்முறையீட்டுச் செய்தி எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. மறுபடி கூண்டில் ஏறி அந்த ஐந்து வாக்கியங்களைச் சொல்லிவிட்டால், அக்காவிடம் எதையும் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே வராது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். ஹைகோர்ட்டில் மேல்முறையீட்டைக் கவனிக்கும் அரசு வழக்கறிஞரைப் பார்க்க இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நாற்பது வயதுப் பெண்மணி. நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு என் நோட்டைப் படித்தார். இரண்டாவது எண்ணில் விரலை வைத்தார். ஒன்றாம் நம்பரைப் பற்றியது அது.

"இது ரெக்கார்டுல இல்லையே."

"அன்னிக்கு யாரும் கேக்கல மேடம். இப்ப சொல்றேன்."

"இப்ப யார்கிட்டம்மா சொல்வீங்க? அப்பீல்ல சாட்சியைக் கூப்பிட மாட்டாங்க. கீழ்க்கோர்ட்ல டைப் ஆன பேப்பர் மட்டும்தான் இங்க பேசும்."

"லெட்டரா எழுதிக் குடுத்தா?"

"விசாரணை அப்பவே இருந்த சாட்சி, அப்பவே தெரிஞ்ச விஷயம். புதுசா எப்படிச் சேர்க்கறது? சேர்க்கச் சொல்லி மனு போட்டாலும், இத்தனை நாள் ஏன் சொல்லலன்னுதான் முதல்ல கேப்பாங்க." டப்பாவை மூடினார். "ஏன் சொல்லல?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருக்கறத வெச்சு நல்லாவே ஆர்க்யூ பண்றேன்" என்றார். அப்படியே செய்தார் என்று பிறகு பார்த்தேன்.

வாதம் நடந்த அன்று அக்காவும் வந்தார். ஓட்டலில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கடைசி வரிசையில் சேர்ந்து உட்கார்ந்தோம். எங்கள் வழக்கு வர மதியம் ஆனது. எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. இன்சார்ஜ் கையெழுத்துப் போட்ட சீட்டு, ஃபியூஸ் கழற்றப்பட்டதா என்று அவர் பார்க்காதது, எல்லாவற்றையும் அரசு வழக்கறிஞர் வரிசையாக எடுத்து வைத்தார். எதிர்த்தரப்பு எழுந்து, கழற்றத்தான் சொன்னார், கேட்டவர் தவறாகப் புரிந்துகொண்டார், அந்த ஆபரேட்டரைப் போலீஸ் எதிரியாகவும் சேர்க்கவில்லை, சாட்சியாகவும் கொண்டுவரவில்லை என்றது. பிறகு என் வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பைப் படித்தார்கள். என் தமிழைவிட அது இங்கிலீஷில் இன்னும் தெளிவாக இருந்தது. இந்தப் பட்டியலை எழுதியவர் யார் என்று நீதிபதி கேட்டார். அரசு தரப்பின் நான்காம் சாட்சியே எழுதியது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

"இன்னா கேட்டாரு?" என்று அக்கா என் காதருகில் கேட்டார்.

"அந்தச் சுவத்துல இருந்த பேப்பரப் பத்திக் கேட்டாரு."

"அத்த போய் இன்னாத்துக்கு கேக்கறாரு? அதுல இன்னா கீது?"

"தெரியலக்கா."

இந்த வழக்கில் நான் சொன்ன முழுப்பொய் அது ஒன்றுதான்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. செய்தியை ஏட்டு மூலமாகவே அக்கா தெரிந்துகொண்டுவிட்டார். நெட்டில் ஏற்றிய தீர்ப்பைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை புதுவாயல் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் மறுபடி "ம்" என்று விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மணி. சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்திருந்தது. ஓட்டலின் பின்பக்கம் அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மறுநாள் குருமாவுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். ரோட்டில் லாரிகள் போகும்போது பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

"வெளக்கமா படி. ஒரு வார்த்தை உடாத."

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தொன்பதாவது பத்தி. "அ.சா.நாலு தன்னுடைய குறுக்கு விசாரணையில், முதல் எதிரி ஃபியூஸை நீக்கச் சொல்லியிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டுள்ளார். அ.சா.நாலு தன் கையால் எழுதிய பட்டியலிலும் அந்தச் சொல் அதே பொருளில்தான் வந்திருக்கிறது. ஒரே சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுக்கு வர முடியும் என்றால், விடுதலை செய்த முடிவில் இந்தக் கோர்ட் கை வைக்கக் கூடாது."

"அது யாரு அ.சா.நாலு? தடாக்காரனா?"

"இல்லக்கா. அவர் மூணு. நாலு நான்."

அக்கா கையிலிருந்த பூண்டை மடியிலிருந்த தட்டில் போட்டார். ஒரு லாரி போய் முடிந்தது.

"ஒண்ணு கேக்கறேன். நேரா சொல்லு. அவன் அன்னிக்கி ஓட்டச் சொன்னானா, ஃபியூஸு புடுங்கச் சொன்னானா?"

"ஓட்டச் சொன்னார்க்கா."

"உனக்கு இப்பத் தெரியுமா, அப்பவே தெரியுமா?"

"அப்பவே."

"அத்த ஏன் கோர்ட்ல சொல்லல?"

"கேக்கலக்கா."

"கேக்கல." அந்தச் சொல்லை அவர் திருப்பிச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை; கடையில் கொடுத்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. "வருசக்கணக்கா எங்கூட போன்ல பேசிக்கினு கீற. கோர்ட்டுக்குக் கூட்டிக்கினு போன. பக்கத்துல குந்திக்கினு இருந்த. நானும் கேக்கல, அதனால எங்கிட்டயும் சொல்லல. அதானே?"

"ஆமாக்கா."

"இதுக்கு மேல கோர்ட் கீதா?"

"டெல்லி இருக்கு."

"அங்கயும் பேப்பருதானா?"

"இதே பேப்பர்தான்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் தடாக்காரன நான் எப்படியெல்லாம் பேசிக்கீறேன் தெரியுமா உனக்கு? அம்மாசைக்கு அம்மாசை ரோட்டுல நின்னு அவன் பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்திக்கீறேன். அவன் புள்ளகுட்டியெல்லாம் சேத்து. அவன் இன்னா பண்ணான்? சொன்னத செஞ்சான். வந்து சொல்லல, அவ்ளோதான். நீ வந்து, சொல்லல." பிறகு கையை நீட்டினார். "அவன் நம்பரு கெடைக்குமா?"

கம்பெனியில் எல்லோரும் இருந்த பழைய வாட்சப் குரூப் என் போனில் இன்னும் இருந்தது. அதில் அவர் எண்ணும் இருந்தது. விலாசத்தில் ஆள் இல்லை என்று சம்மன் திரும்பி வந்த நாளிலும் இருந்தது. அதையும் என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இதையும் அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படி" என்றார். பத்து எண்ணையும் படித்தேன். தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் ஓட்டல் அமைதியாக இருந்ததால் மணி அடிப்பது எனக்குக் கேட்டது. நாலைந்து முறை அடித்த பிறகு எடுத்தார்கள்.

"ஹலோ, எவரு?" யாரு என்று தெலுங்கில் கேட்ட அந்தக் குரல் ஆபரேட்டருடையதுதான்.

"நைனா, நான் மூணாம் நம்பர்ல செத்துப்போனவரு சம்சாரம் பேசறேன்."

அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. போனையும் வைக்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு, மூடிய கண்ணைத் திறக்காமலே, போ என்று எனக்குக் கையை ஆட்டினார். நான் தீர்ப்பின் தாள்களை நாற்காலியில் வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன்.